ரோஸ் மூடி

கண்ணுக்குச் சொட்டு மருந்து விடப் பலருக்குத் தெரியாது, மேடம். கருவிழி மேலேயே ஊற்றிவிட்டு, கன்னத்தில் வழிவதைத் துடைத்துக்கொள்வார்கள். கீழ் இமையை மெல்ல இழுத்தால் சின்னப் பை போல வரும். அதில் ஒரு சொட்டு போதும். ஐந்து நிமிடம் கழித்துத்தான் அடுத்த மருந்து. ராயபுரத்தில் எங்கள் தெருவில் இது தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

நான் பி.எஸ்சி. வேதியியல். அதற்காகத்தான் என்னைப் பெண் எடுத்தார்கள். தொண்ணூற்றொன்பதில் துறைமுகத்தில் காஸ்டிக் சோடா மூட்டை கிழிந்து என் வீட்டுக்காரர் லியோனார்டின் முகத்தில் கொட்டியது. வலது கண் அன்றே போயிற்று. இடது கண்ணில் வெளிச்சம் மட்டும் தெரிந்தது. அடுத்த வருடம் அவருடைய அம்மா பிலோமி, எண்ணூரில் எங்கள் வீட்டுக்குப் பெண் கேட்டு வந்தார். "படிச்ச பொண்ணு, மருந்து பேர பாத்து ஊத்துவா" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் யாரிடமும் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசாதவள். பார்க்கும்படியாகவும் இருக்கமாட்டேன். கண் தெரியாத மாப்பிள்ளை வசதிதான் என்று என் வீட்டார் நினைத்தார்கள். நானும் நினைத்தேன்.

அவரிடம் மட்டும் பேசினேன். தினமும் பேப்பர் படித்துக் காட்டுவேன். "நீ படிச்சா கப்பல் வர்ற டைமு கூட பாட்டு மாரி கீது, ஜானட்டு" என்பார்.

இடது கண்ணில் இறந்தவர் ஒருவரின் கருவிழியை வைத்துத் தைத்தார்கள். முதல் தடவை வைத்தது தானாகவே வெளுத்தது. அப்போது நான் இரண்டு மணிக்கொரு தடவை ஒழுங்காக மருந்து விட்டேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது அறுவை இரண்டாயிரத்து இரண்டில். கட்டைப் பிரித்ததும் டாக்டரின் விரல்களைச் சரியாக எண்ணினார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஜானட்டு எங்கம்மா? நர்ஸ நிக்க வெச்சிட்டு எங்க போனா?"

"டேய், அதாண்டா ஜானட்டு."

கொஞ்ச நேரம் பார்த்தார். "கொரல வெச்சி வேற ஒருத்திய நெனச்சிகினு இருந்தேன்" என்று சிரித்தார். வார்டே சிரித்தது. அத்தையும் சிரித்தார். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

வீட்டுக்கு வந்ததும் பேப்பரை அவரே படித்தார், எழுத்துக்கூட்டி, தப்பும் தவறுமாக. கூட வேலை பார்த்த வில்சன் வந்தான். "இன்னா மாமு, கண்ணு வந்துச்சு, பாக்கத்தான் வூட்ல ஒண்ணியும் காணோம்" என்று அவனிடம் சொன்னார். நான் டீயோடு வாசற்படியில் நின்றிருந்தேன். வில்சன் தொடையைத் தட்டிச் சிரித்தான். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு ஆள் அளவுக்குக்கூட மூளை கிடையாது.

மருந்து இரண்டு. ரோஸ் மூடி போட்டது, அடுத்தவர் கருவிழியை உடம்பு தள்ளிவிடாமல் தடுப்பது. நீல மூடி போட்டது வெறும் செயற்கைக் கண்ணீர். மருந்து விடும்போது அவர் பார்வையை விட்டத்தில் வைத்திருப்பார். என் முகம் பக்கத்தில் வரும் நேரம் அல்லவா. நான் நீல மூடி மருந்தையே இரண்டு தடவை விட்டேன். நடுவில் ஐந்து நிமிடம் விட்டுத்தான்.

ஆறு வாரத்தில் கண் மங்கியது. அழுதார். என் கையைத் தேடினார். நான் பேப்பரை எடுத்தேன். தெருப் பெண்கள் என்னைப் பொறுமையின் மறு உருவம் என்றார்கள். அவர்கள் சொல்வது எதிலும் அர்த்தம் இருக்காது.

மூன்றாவது அறுவை போன வருடம். இந்தத் தடவை என்னைப் பார்த்ததும் நல்லபடியாகச் சிரித்தார். ஒத்திகை பார்த்து வைத்திருந்த சிரிப்பு. அது இன்னும் மோசம். முதல் நாளிலிருந்தே நீல மூடிதான்.

அத்தையை நான் கணக்கில் எடுக்காதது பிழை. காலியான மருந்துச் சீசாக்களை அவர் கழுவி வைப்பார். கண்ணுக்கு வேண்டிக்கொள்ளும் புனித லூசியம்மாள் கெபியில், சர்ச் வாசலில், எரியும் விளக்கின் எண்ணெயை அதில் பிடித்து, கண் நோவு என்று வருகிறவர்களுக்குக் கொடுப்பார். எழுதப் படிக்கத் தெரியாத கிழவியின் வைத்தியம் என்று ஒதுக்கிவிட்டேன். ஆனால் அவருக்கு நிறம் தெரியும். போன செவ்வாய்க்கிழமை டாக்டரிடமே கேட்டுவிட்டார்: "டாக்டரே, நீல மூடி சீசாதான் வூடு பூரா கீது. ரோஸ் மூடி அழகா கீதேன்னு பாத்தா, அது ஒண்ணு கூட காலியாவ மாட்டேன்து. உங்க கைல இருந்தா ஒண்ணு குடுங்களேன்."

டாக்டர் எழுதுவதை நிறுத்தினார்.

ரோஸ் மூடி மருந்தைக் கொட்டிவிட்டுக் காலிச் சீசாவை அத்தையிடம் கொடுத்திருக்கலாம். நல்ல மருந்தைச் சாக்கடையில் கொட்ட எனக்கு மனம் வரவில்லை. படித்தவள் செய்கிற காரியமில்லை அது. பதினோரு சீசா, சீல் பிரிக்காமல், என் டிரங்குப் பெட்டியில் கல்லூரி நோட்டுகளுக்கு அடியில் இருந்தன. உங்கள் ஆட்கள் எடுத்து வந்திருப்பார்கள்.

ஆம், இரண்டு முறையும் நான்தான். தெரிந்துதான் செய்தேன். இனி அந்தக் கண்ணில் தைக்க இடமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அந்தக் கதவைச் சாத்த வேண்டாம், மேடம். வெளியே பெஞ்சில் அவர் உட்கார்ந்திருக்கிறார். நான் சொன்னதெல்லாம் அவருக்குக் கேட்டிருக்கும். வூட்டுக்குப் போகலாம் என்று அத்தை இரண்டு தடவை கையைப் பிடித்து இழுத்தார். அவர் எழுந்திருக்கவில்லை. பாருங்கள், இன்னமும் இந்தப் பக்கமே காதைத் திருப்பி வைத்திருக்கிறார். என் குரல் என்றால் அவருக்கு உயிர்.