வெள்ளைக் கோடு போட்ட போல்ட்

பழைய காருக்குள் பெரிய எஞ்சினை உட்காரவைப்பது, சின்ன வீட்டுக்கு மாமியார் வந்து தங்குவது மாதிரிதான், ஐயா. வந்தவருக்கு ஒரு குறையும் இருக்காது. ஏற்கெனவே இருந்தவர்கள்தான் ஒதுங்கி நிற்க வேண்டும்.

இசோபேயின் காரில் ஒதுங்க வேண்டியிருந்தது ஸ்டியரிங் ராடு. புது எஞ்சினின் புகைக்குழாய் நேராக அதன் வழியில் வந்து நின்றுகொண்டது. இசோபே ஓய்வுபெற்ற ரயில் ஓட்டுநர். தண்டவாளம் இழுத்த பக்கம் போயே காலம் தள்ளியவர். அவர்தான் என் பட்டறையில் நின்று எனக்கு ஸ்டியரிங் பாடம் எடுத்தார்.

"குழாயை ஒரு தட்டு தட்டி நசுக்கிடுங்களேன், தோகுரா-சான். வேலை முடிஞ்சுது."

"உங்க மூக்கை நசுக்கினா நீங்க மூச்சு விடுவீங்களா?" என்று கேட்டேன். விழுந்து விழுந்து சிரித்தார். நல்ல மனிதர், அதை நான் மறுக்கவில்லை.

ராடை வெட்டி, மூன்று ஜாயின்ட் வைத்து, குழாயைச் சுற்றிக் கொண்டுபோனேன். மூன்று ஜாயின்ட் வைத்தால் நடுவில் ராடு தொய்ந்து ஆடும். அதைத் தாங்க ஒரு பேரிங் பொருத்தினேன். ஜாயின்ட்டுகள் ஒன்றுக்கொன்று இசைந்து நிற்காவிட்டால், திருப்பும்போது ஓரிடத்தில் கனக்கும், அடுத்த இடத்தில் நழுவும். இசையும்வரை கழற்றிக் கழற்றி மாட்டினேன். கடைசியில் ஒரே விரலுக்கு ஸ்டியரிங் சுழன்றது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. சிரிக்காதீர்கள், உங்களுக்கும் ஏதாவது ஒரு வேலையில் அப்படி ஆகியிருக்கும்.

எஞ்சின் மாற்றிய வண்டிக்கான அரசாங்கச் சோதனைக்கு இருவரும் போனோம். சோதனை அதிகாரி அடியில் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "இந்த ராடு யாரு வேலை? பிரமாதமா இருக்கே" என்றார்.

"யோசனை நம்மளோடது," என்றார் இசோபே. "இவர் கூடமாட ஒத்தாசை பண்ணினார்."

நான் குனிந்து வணங்கினேன். நம் ஊரில் நாலு பேர் முன்னால் வேறென்ன செய்ய முடியும்? ஞாயிற்றுக்கிழமை அகாகி மலையடிவாரத்தில் எங்கள் கார்க் கூட்டாளிகள் கூடுவார்கள். அங்கேயும் இதே கதை ஓடியது. அதில் நான் ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கிறவனாகச் சுருங்கியிருந்தேன். கதை முடிந்ததும் சிரித்துக்கொண்டே இசோபேயிடம் போனேன்.

"மலைப்பாதையில ஏத்தறதுக்கு முன்னாடி ஒரு தடவை எல்லாத்தையும் இறுக்கித் தர்றேன், விட்டுட்டுப் போங்க" என்றேன். நன்றி சொல்லி விட்டுப்போனார்.

போல்ட்டை முழுக்க இறுக்கியதும், அதன் தலையிலிருந்து பக்கத்து இரும்புவரை வெள்ளைப் பெயிண்டால் ஒரு கோடு இழுப்பது எங்கள் தொழில் வழக்கம். கோடு நேராக இருந்தால் போல்ட் நகரவில்லை என்று பொருள். கோட்டைப் பார்த்த பிறகும் ஸ்பேனர் போட்டுப் பார்ப்பது, போட்டவன் முகத்தில் அறைவதற்குச் சமம். இசோபே அப்படி அவமதிக்கிற ஆள் இல்லை. வண்டி எடுக்க வந்தவர், ரயிலில் பழகியபடி வெள்ளைக் கையுறை மாட்டி, குனிந்து, ஒவ்வொரு கோட்டையும் விரலால் சுட்டி, "ஸ்டியரிங் போல்ட், சரி!" என்று உரக்கச் சொன்னார். கீழ் ஜாயின்ட்டுக்கும் சொன்னார். அவரே சோதித்தார், அவரே சரி என்றார். அதற்குமேல் நான் என்ன செய்ய? சாவியைக் கொடுத்து, "வளைவுல பாத்துப் போங்க" என்றுகூடச் சொன்னேன்.

அவர் பார்த்துத்தான் போனாராம், ஆஸ்பத்திரியில் உயிர் பிரியும்முன் சொல்லியிருக்கிறார். ஸ்டியரிங்தான் கையோடு சும்மா சுற்றியதாம். பள்ளத்திலிருந்து காரைத் தூக்கிய உங்கள் போலீஸ் ஆட்கள், ஒரு போல்ட் கவனக்குறைவாக விடுபட்டிருக்கிறது என்றார்கள். எனக்கு அபராதம், தொழில் தடை. அபராதத்தைக் கட்டிவிட்டுப் பட்டறையைப் பூட்டினேன்.

நேற்று அவர் மனைவி கஸுஎ என் வீட்டுக்கு வந்தார். இனிப்புப் பெட்டியை முன்னால் வைத்து, தரையில் நெற்றி படக் குனிந்தார். கணவனைப் பறிகொடுத்தவர், என் முன்னால்.

"மறதி யாருக்கும் வர்றதுதான், தோகுரா-சான். வயசாகுதுல்ல. நீங்க மனசைப் போட்டு அலட்டிக்காதீங்க. நான் யாரையும் குறை சொல்லலை."

இரவு முழுக்கத் தூங்கவில்லை. மறதியாம், வயதாம். அதனால்தான் காலையில் நானாகவே இங்கே நடந்து வந்தேன். கீழ் ஜாயின்ட் போல்ட்டை நான்தான் தளர்த்தினேன், விரலால் மட்டும் திருகி வைத்தேன், அதன்மேல் நேராகக் கோடும் இழுத்தேன். கொலை என்றே எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. எழுதி முடித்ததும் அந்த அம்மாவிடம் யாரையாவது அனுப்பி, தோகுரா இன்றுவரை ஒரு போல்ட்டைக்கூட மறந்ததில்லை என்று சொல்லச் சொல்லுங்கள்.