அளந்து கொடுத்த தண்ணீர்

நான் சொல்லப்போவதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது, இன்ஸ்பெக்டர் தம்பி. எங்கள் தோட்டத்து முனீஸ்வரர்மீது ஆணை. அவர் லேசுப்பட்டவர் அல்ல. அவர் பெயரைச் சொல்லிப் பொய் பேசிய கங்காணி ஒருவருக்கு வாய் காதுப்பக்கம் போய்விட்டது. அதன்பிறகு அந்த மனுஷன் சோறு உண்பதைப் பார்க்க வேண்டுமென்றால் நாம் பக்கவாட்டில் போய் நிற்க வேண்டும். ஆகவே நீங்கள் நிம்மதியாக எழுதிக்கொள்ளலாம். இந்தத் தேநீரில் சீனி கொஞ்சம் தூக்கல். இருக்கட்டும், எனக்கு அப்படித்தான் பிடிக்கும்.

பெயர் காளிதாசன். கூலிம் பட்டணத்திலிருந்து உள்ளே தள்ளி, பழைய ரப்பர் தோட்டத்தில் இருக்கிறேன். தோட்டம் விற்றுப்போய் வெகுகாலம் ஆகிறது. பால்மரம் நின்ற இடமெல்லாம் இப்போது செம்பனை. இளசுகள் விடியுமுன் தொழிற்சாலை பஸ் ஏறிப் போய்விடுவார்கள். மிச்சம் இருப்பது நானும் என் மனைவி புஷ்பவள்ளியும், பக்கத்து வீட்டு மருதம்மாளும், சில கோழிகளும்தான்.

எங்கள் பக்கம் இணையம் தருவது ஒரே ஒரு கம்பெனி. வீடுகளுக்குப் பின்னால் மேட்டில் அவர்கள் கோபுரம் நிற்கிறது. வேறு கம்பெனி சிம் போட்டால் போனில் ஒரு கோடுகூட எழும்பாது. மாதத்துக்கு இவ்வளவு என்று ஓர் அளவு வைத்திருக்கிறார்கள். அளவு தீர்ந்தால் அதற்குமேல் பார்ப்பதற்கெல்லாம் தனிக் காசு. காசு கட்டாவிட்டால் துண்டிக்க மாட்டார்கள், வேகத்தைக் குறைப்பார்கள். துண்டித்தால் நாம் திட்டிவிட்டுப் போய்விடுவோம் அல்லவா? குறைத்தால் காத்திருப்போம்.

ஒருமுறை தைப்பூசத்துக்குச் சுங்கைப்பட்டாணி போனபோது, அந்த இணையப் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கி, சாக்கில் சுற்றி, அரிசித் தொட்டிக்குள் புதைத்துவிட்டுப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் அளவில் பாதி தீர்ந்திருந்தது. கம்பெனிக்குப் போன் போட்டேன். போனை எடுத்த பெண் அன்பாகத்தான் பேசினாள்.

"வீட்ல யாராச்சும் பாத்திருப்பாங்க அங்கிள்."

"வீட்ல பல்லி மட்டும்தாம்மா இருந்துச்சு."

"அப்பக் கணக்கு சரியாத்தான் இருக்கும் அங்கிள்," என்றாள்.

அதையாவது சிரித்துத் தள்ளலாம். மருதம்மாள் விஷயம் அப்படி இல்லை. அவள் தங்கச்சி தெலுக் இந்தானில் இறந்துபோனாள். முட்டி வீங்கிப்போய் இவளால் பயணம் செய்ய முடியவில்லை. உறவுக்காரப் பையன் போனைப் பிடித்துச் சடங்கைக் காட்டினான்; இவள் இங்கே எங்கள் கூடத்தில் உட்கார்ந்து பார்த்தாள். வாய்க்கரிசி போட்டு முடித்து, பாடையைத் தூக்கக் குனிகிறார்கள், படம் நின்றுவிட்டது. மாத அளவு தீர்ந்துவிட்டதாம். திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. மருதம்மாள் அந்த வட்டத்தைப் பார்த்துக் கும்பிட்டாள். ஏன் செய்தாய் என்று நீங்கள் கேட்டீர்கள். இதற்காகத்தான்.

அதற்கு அடுத்த வாரம்தான் நீங்கள் விசாரிக்கிற அந்தப் பையன் வந்தான். சிவநேசன் என்று பிறகு சொன்னான். ஜித்ராவில் வீடு. தலையில் ஹெல்மெட், மேலே பளபளக்கும் மஞ்சள் சட்டை, கழுத்தில் அட்டை. மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு, முக்காலி ஒன்றை ஊன்றி, கையில் ஏதோ கருவியைப் பிடித்து நாலு பக்கமும் திரும்பினான். மரியாதையான பிள்ளை. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் வாசலுக்கு வந்தான்.

"அங்கிள், இங்க எந்த எடத்துல லைன் ரொம்ப மோசம்?"

"மோசம்னா எப்படி தம்பி?"

"சுத்தமா சிக்னல் சாவுற எடம். அத அளந்துட்டா என் வேலை முடிஞ்சிரும்."

அப்படி ஓர் இடம் இருந்தது. வீட்டுக்குப் பின்னால், செம்பனைக்குள், பழைய ஸ்மோக் ஹவுஸ் நிற்கிறது. ரப்பர் சீட்டுகளைத் தொங்கவிட்டுப் புகைபோட்ட செங்கல் கட்டடம். ஜன்னல் கிடையாது. மேலே தகரம். கதவு இரும்பு. தரையோரம் புகை போக விட்ட துவாரம் ஒன்று உண்டு. கை நுழையும், தலை நுழையாது. அதற்குள் போனால் எந்தப் போனும் பிணம்தான். நான் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். அவன் கருவியைப் பார்த்துக்கொண்டே உள்ளே நடந்தான். "அடேங்கப்பா, சிக்னல் முட்டை லா அங்கிள்," என்று சிரித்தான். நான் கதவைச் சாத்திப் பூட்டினேன்.

முதலில் அவன் விளையாட்டு என்றுதான் நினைத்தான். கொஞ்ச நேரம் கழித்துத் தட்டினான். பிறகு உதைத்தான். நான் துவாரத்துக்குப் பக்கத்தில் ஒரு பலகையைப் போட்டு உட்கார்ந்து, எல்லாவற்றையும் பொறுமையாக விளக்கினேன்.

"தம்பி, மொத பாட்டில் தண்ணி இலவசம். புதுசா சேர்ந்தவங்களுக்குச் சலுகை. அதுக்கப்புறம் பயன்பாட்டப் பொறுத்து."

"அங்கிள், நான் அந்தக் கம்பெனி ஆளு இல்ல! நாங்க புதுக் கம்பெனி. இங்க டவர் போட வர்றோம். நாங்க வந்துட்டா உங்க பில்லு பாதியாயிரும்."

எல்லாக் கம்பெனிக்காரனும் இப்படித்தான், தம்பி. நீங்கள் போன் போட்டுப் பாருங்கள். அது எங்கள் பிரிவு இல்லை, வேறு பிரிவைக் கேளுங்கள் என்பார்கள். நான் நம்பவில்லை.

அவன் முதல் பாட்டிலை ஒரே மூச்சில் குடித்துவிட்டான். அளவு தெரியாத வயசு. பிற்பகலில் தகரம் காய ஆரம்பித்தது. இன்னொரு பாட்டில் கேட்டான். கொடுத்தேன், அது கட்டணத் தண்ணீர் என்றும் சொன்னேன். துவாரத்தில் வாங்கும்போது பாட்டில் சரிந்து அதில் பாதி கீழே போய்விட்டது.

"நான் குடிக்கல அங்கிள். கொட்டிருச்சு."

"கொட்டுனதும் பயன்பாடுதான் தம்பி."

"அத யாரு அளக்குறா?"

"நாந்தான்."

"வேற யாருமே இல்லையா இங்க?"

"இந்த வட்டாரத்துல தண்ணி குடுக்கறது நான் ஒருத்தன்தான்."

ஒரு வாடிக்கையாளனுக்கு இந்த இடத்தில் பேச்சு வராது என்பது எனக்கு அனுபவத்தில் தெரியும்.

மோட்டாரைப் பனைமட்டைக்கு அடியில் தள்ளிப் போட்டேன். புஷ்பவள்ளி, "என்னங்க, அந்தப் பக்கம் யாரோ கூப்பிடுறாப்ல இருக்கு," என்றாள். அது சியாமிலிருந்து வரும் ஒரு பறவை, பருவத்துக்கு வரும், மனுஷன் மாதிரியே கத்தும் என்றேன். "போன வருஷம் வரலையே," என்றாள். போன வருஷம் மழை சரியில்லை என்றேன். அவள் போய்க் குழம்பை இறக்கினாள்.

மறுநாள் அவன் சத்தம் போடவில்லை. துவாரத்துக்கு அந்தப் பக்கம் படுத்துக்கொண்டு பேசினான். கட்டியவள் பெயர் வாசுகி, முதல் பிள்ளை வயிற்றில் இருக்கிறது, எங்கே போனாலும் சாயங்காலம் அவளுக்குப் போன் பண்ணிவிடுவான்.

"ஒரே ஒரு மெசேஜ் அனுப்புங்க அங்கிள். உசுரோட இருக்கேன்னு மட்டும். ஒண்ணும் ஆகாது, சின்ன மெசேஜ்தான்."

எங்கள் வீட்டில் அந்த மாத அளவு தீர்ந்துவிட்டது என்று சொன்னேன். அது உண்மை.

தண்ணீரிலும் அவனுடைய அளவு அன்றே தீர்ந்தது. நான் துண்டிக்கவில்லை, தம்பி, இதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். வேகத்தை மட்டும் குறைத்தேன். விளக்குத் திரி ஒன்றைத் தண்ணீரில் நனைத்துத் துவாரத்தில் தொங்கவிட்டேன். வேண்டும்போது சப்பிக்கொள்ளலாம். காய்ந்தால் நான் வந்து மறுபடி நனைப்பேன். சில சமயம் வரக் கொஞ்சம் தாமதமாகும். அவன் சுவரைத் தட்டினால், "உங்க அழைப்பு எங்களுக்கு முக்கியம், கொஞ்சம் காத்திருங்க," என்று சொல்லிவிட்டுச் சீட்டி அடிப்பேன். கம்பெனி போனில் ஒரு பாட்டு வருமே, அதே மெட்டு. அச்சாக வரும் எனக்கு.

அதற்கு மறுநாள்தான் மருதம்மாள் வந்தாள். கறிக்குப் புதர்க்கீரை பறிக்க அந்தப் பக்கம் போவது அவள் வழக்கம். முட்டி கொஞ்சம் தேவலையாம். கூடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ஸ்மோக் ஹவுஸ் கதவுக்கு முன்னால் நின்றுவிட்டாள்.

"அண்ணே, உள்ள என்ன பிராண்டுது?"

"மூசாங், மரநாய்தான் புள்ள. கோழியத் தூக்குதுன்னு பொறி வெச்சேன். மாட்டிக்கிச்சு."

அவள் கதவில் காதை வைத்தாள். சாவி என் இடுப்புச் சாரத்து மடிப்பில் இருந்தது, அது நழுவுகிற மாதிரி தோன்றியது. உள்ளேயிருந்து ஒரு சத்தம் வந்தது. அக்கா என்று கூப்பிட்டிருக்கலாம். அவன் குரலுக்கும் அப்போது வேகம் குறைந்திருந்தது; எழுத்தெல்லாம் சேர்ந்து வரவில்லை.

"மூச்சு வாங்குதுண்ணே. மூசாங்கா இருந்தா என்ன, தண்ணியாச்சும் வைங்க. பாவம், வாயில்லாத ஜீவன்."

"வெச்சிருக்கேன் புள்ள."

"நெறைய வைங்க. என்னா வெயிலு."

அவள் நொண்டிக்கொண்டே போனாள். வளைவில் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். நான் கையை ஆட்டினேன்.

அன்று பிற்பகல் நான் போய்ப் பார்த்தபோது திரி நனைந்தபடியே இருந்தது. மருதம்மாள் போனதும் நனைத்து எப்படி விட்டேனோ அப்படி. யாரும் தொடவில்லை. "தம்பி," என்று கூப்பிட்டேன். சீட்டி அடித்துப் பார்த்தேன். துவாரத்தில் கையை விட்டதில் அவன் விரல்கள் தட்டுப்பட்டன. அவை திரிக்கு மிகவும் பக்கத்தில்தான் இருந்தன. நான் வீட்டுக்கு வந்து தேநீர் குடித்தேன். புஷ்பவள்ளி, "பறவை போயிருச்சாங்க?" என்று கேட்டாள். போய்விட்டது என்றேன்.

அவனைப் பூட்டியது நான். தண்ணீரை அளந்தது நான். திறக்கலாம் என்று தெரிந்தும் திறக்காமல் இருந்தது நான். வேறு யாருக்கும் இதில் பங்கில்லை. மருதம்மாளிடம் மட்டும் அது மூசாங்தான் என்று சொல்லிவிடுங்கள். அவளுக்கு நெஞ்சு பலவீனம்.

அவன் வேறு கம்பெனி ஆள் என்று அட்டையைக் காட்டினீர்கள். பார்த்தேன். வருத்தம்தான். ஆளை மாற்றிப் பூட்டிவிட்டேன். பில் வந்து வந்து வெந்துபோன ஒரு மனுஷன் செய்யக்கூடிய பிசகு அது. நீதிபதியின் வீட்டிலும் இந்தப் பெட்டி இருக்குமல்லவா? அவருக்குப் புரியும். ஏழை பாழைகளுக்காகத்தான் செய்தேன் என்று கொஞ்சம் பெரிய எழுத்தில் எழுதுங்கள்.

எங்கே கையெழுத்துப் போட வேண்டும்? இங்கேயா?

நில அலுவலகத்தில் எப்படியும் விசாரிப்பீர்கள், அதனால் நானே சொல்லிவிடுகிறேன். கோபுரம் நிற்கிற அந்த மேட்டு நிலம் என் பெயரில் இருக்கிறது. இங்கே வேறு கோபுரம் வராதவரை, கம்பெனி மாதா மாதம் எனக்குத்தான் வாடகை கொடுக்கும்.