எல்லாரும் வந்தாச்சா?

இரவு பதினொன்றரை இருக்கும். ரயில் நிலையத்திலிருந்து வீடு வரைக்கும் ஒரே நேர்ச் சாலை. இரண்டு பக்கமும் காலி மனைகள்... எல்லைக்கல் மட்டும் நட்டுவிட்டு மறந்துபோன மனைகள். நடுநடுவே பாதியில் நிற்கும் வீடுகள். ஜன்னல் வைக்க விட்ட ஓட்டைகளில் இருட்டு. விளக்குக் கம்பம் இருக்கிறது, விளக்கு இல்லை. கடைசி ரயிலில் இறங்கிய ஒரு மனிதர் அந்தச் சாலையில் தனியாக நடந்து போகிறார். தூரத்தில், தெருக் கோடியில், ஒரு மஞ்சள் பல்பு எரிகிறது. அதுதான் அவர் வீடு.

அந்த பல்பை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கதையே அதில்தான் இருக்கிறது.

இந்தக் கட்டிலில் இதற்கு மேல் யாரும் ஏறாதீர்கள், முறிந்துவிடும். பயந்தால் போர்வையைப் பிடித்துக்கொள்ளுங்கள். என் கையைப் பிடிக்க வேண்டாம். போன தடவை பட்ட நகக்கீறலே இன்னும் ஆறவில்லை.

இது கட்டுக்கதை இல்லை. என்னோடு வேலை பார்த்த ஒருத்தியின் சொந்த அக்காவுக்கு நடந்தது. நாமும் அக்கா என்றே சொல்வோம். அவள் வீட்டுக்காரரை மாமா என்று வைத்துக்கொள்வோம். அவர்களுக்கு ஒரே பெண். நான்கு வயது. பாப்பா.

பெரிய நகரத்தில், மெயின் ரோட்டை ஒட்டிய ஒரு மாடி அறையில்தான் மூன்று பேரும் இருந்தார்கள். பாப்பாவுக்கு இழுப்பு. பஸ் புகை ஏறினால் போதும், ராத்திரியெல்லாம் நெஞ்சு விசிலடிக்கும். மாமா அவளைக் குப்புறப் படுக்க வைத்து, முதுகில் காதை வைத்துக் கேட்பார். விசில் குறைகிறதா, கூடுகிறதா என்று பார்ப்பார். அது அடங்கும் வரைக்கும் அந்த மனிதர் தூங்கியதே இல்லை. டாக்டர் கடைசியில் கையை விரித்துவிட்டார். "மருந்து ஒரு பக்கம் இருக்கட்டும். இந்தப் புகையை விட்டு வெளியே போங்க."

போனார்கள். நகரத்துக்கு ரயிலில் போய் வருகிற ஆட்களுக்காகவே முளைத்த சின்ன ஊர். பகலில் பார்த்தால் ஆளே இருக்காது, எல்லாரும் வேலைக்குப் போயிருப்பார்கள். தனி வீடு, சின்னத் தோட்டம், சுத்தமான காற்று. வந்த மாதமே பாப்பாவின் இழுப்பு பாதியாகிவிட்டது. அக்காவுக்கு அது போதும். அந்த ஒன்றுக்காக எதையும் பொறுத்துக்கொள்ளத் தயாராக இருந்தாள்.

பொறுத்துக்கொள்ள வேண்டியதும் நிறைய இருந்தது. மாமாவுக்கு நகரத்தில் ஒரு பெரிய ஹோட்டலின் சலவைப் பிரிவில் வேலை. மதியம் போனால் கடைசி ரயிலில்தான் திரும்புவார். அவர் வரும்போது அக்கா படுத்திருப்பாள். அவள் எழுந்திருக்கும்போது அவர் அடித்துப்போட்டது போலத் தூங்குவார், எழுந்ததும் குளித்துவிட்டு மதிய ரயிலுக்கு ஓடுவார். புருஷனும் பெண்டாட்டியும் முகம் பார்த்துப் பேசுவதே ஞாயிற்றுக்கிழமைதான். மற்ற நாளெல்லாம் அவளுக்கு அவர் வெறும் சத்தம். கேட் கொக்கி... கிளிங். ஷூ... டப், டப். சாவியை ஸ்டீல் கிண்ணத்தில் போடும் சத்தம். குழாய். அப்புறம் பாப்பா அறைக்குப் போவார், முதுகில் காதை வைப்பார், திரும்பி வந்து ஹாலில் படுப்பார். அவர் தாண்டிப் போகும்போது சலவைச் சோப்பும் நீராவியும் கலந்த வாசனை அடிக்கும். அந்த வாசனையில்தான் அக்காவுக்குத் தூக்கமே வரும்.

இப்போது பல்புக்கு வருகிறேன்.

அந்தத் தெருவில் எல்லா வீட்டுக்கும் வெளியே ஒரு பல்பு உண்டு. வேலைக்குப் போன ஆள் வரும் வரைக்கும் எரியும். கடைசி ஆள் உள்ளே வந்ததும் அணைத்துவிடுவார்கள். தெருவில் நின்று பார்த்தாலே தெரியும், எந்த வீட்டில் இன்னும் ஆள் வரவில்லை என்று. அக்கா மட்டும் விடிய விடிய எரிய விட்டாள். நகரத்தில் இருந்தவள் இல்லையா? ராத்திரி முழுக்க வெளிச்சத்திலேயே தூங்கிப் பழகியவள். அந்த ஊர் இருட்டு அவளுக்குப் பழகவில்லை.

பக்கத்து வீட்டில் ஒரு அம்மா. ஸ்கூல் வேன் ஓட்டுகிறவர். காலையில் வேன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"ஏம்மா, உங்க வீட்டுக்காரர் வந்ததுக்கப்புறமும் லைட் எரியுதே?"

"சும்மா தைரியத்துக்குத்தாங்க."

"அணைச்சிடும்மா. லைட் எரிஞ்சா இன்னும் யாரோ வரணும்னு அர்த்தம்."

"வந்தா வரட்டுமே, காபி போட்டுக் கொடுத்துட்டாப் போச்சு," என்று அக்கா சிரித்தாள். அந்த அம்மா சிரிக்கவில்லை. துணியைப் பிழிந்துவிட்டு வேனில் ஏறிவிட்டார்.

அடுத்த வாரம்... நடு ராத்திரி. மாமா வந்து, படுத்து, குறட்டையும் விட ஆரம்பித்துவிட்டார். அக்கா அரைத் தூக்கத்தில் இருக்கிறாள்.

கிளிங்.

கேட் கொக்கி.

காற்றாக இருக்கும் என்று திரும்பிப் படுத்தாள். காலையில் பார்த்தால் வெளி விளக்கு அணைந்திருந்தது. அவர் அணைத்திருப்பார் என்று இவள் நினைத்தாள். அவர் இவள் அணைத்ததாக நினைத்தார். பேசிக்கொண்டால்தானே தெரியும்?

இன்னொரு ராத்திரி, கேட்டோடு ஷூ. டப், டப். அப்புறம் ஒரு ராத்திரி சாவிக் கிண்ணம். அப்புறம் குழாய். ஒவ்வொரு தடவையும் சத்தம் கொஞ்சம் உள்ளே வருகிறது... புரிகிறதா? அக்காவுக்குப் புரியவில்லை. மனுஷன் தூக்கம் வராமல் எழுந்து நடக்கிறார் பாவம், நம்மால்தானே இந்த அலைச்சல் என்று மனதுக்குள் நொந்துகொண்டாள்.

ஒரு காலை, தலை வாரிவிடும்போது பாப்பா சொன்னாள்.

"அம்மா, அப்பா ராத்திரி ரெண்டு தடவ காது வச்சாங்க."

"அப்படியா செல்லம்?"

"ரெண்டாவது தடவ காது ஜில்லுன்னு இருந்துச்சும்மா."

அக்காவின் கையில் சீப்பு நின்றுவிட்டது. நேரே ஹாலுக்குப் போய் மாமாவை உலுக்கினாள்.

"என்னங்க, ராத்திரி எழுந்து பாப்பாகிட்டப் போனீங்களா?"

"வந்த உடனே ஒரு தடவ போனேன். அப்புறம் படுத்தவன்தான்... நீ எழுப்பித்தான் கண்ணையே திறக்கிறேன்."

வேன் அம்மாவிடம் ஓடினாள். விஷயத்தைச் சொன்னாள். யார் அது, என்ன அது என்று எதையும் அந்த அம்மா விளக்கவில்லை. நகரத்துக்கே திரும்பிப் போய்விடலாமா என்று அக்கா கேட்டபோது, "குழந்தைக்கு இழுப்பு வருமே" என்றார். அக்கா பாப்பாவை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டாள்.

"அப்ப நான் சொன்னதச் செய். உன் வீட்டுக்காரர் உள்ள வந்ததும் எழுந்து போய்த் தாழ் போடு, லைட்ட அணை. எல்லாரும் வந்தாச்சுன்னு தெரியணும். தெரிஞ்சா வேற யாரும் வர மாட்டாங்க."

அன்று ராத்திரி அக்கா தூங்கவில்லை. போனைச் சத்தமில்லாமல் வைத்து, சமையலறையில் சார்ஜ் போட்டாள், பாப்பா விழித்துவிடக் கூடாதே என்று. கட்டிலில் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தாள். தூரத்தில் ஒரு ரயில் சத்தம், கடைசி ரயில் என்று நினைத்தாள். அப்புறம் நாய் கூடக் குரைக்கவில்லை.

கிளிங்.

டப், டப்.

சாவிக் கிண்ணம். குழாய்.

எல்லாம் வரிசையாக, சரியாக. அக்காவுக்கு உயிர் வந்தது. எழுந்து போனாள். பாப்பா அறைக் கதவு திறந்திருந்தது. இருட்டில் அவர் குனிந்து, பாப்பாவின் முதுகில் காதை வைத்துக்கொண்டிருந்தார். களைத்துப்போன முதுகு.

"சாப்பிட்டீங்களா?" மெதுவாகக் கேட்டாள்.

"ம்."

அவ்வளவுதான். அவள் வாசல் கதவுக்கு மேல் தாழ், கீழ்த் தாழ் இரண்டையும் போட்டாள். ஸ்விட்சை அமுக்கினாள். தெருவிலேயே கடைசி வெளிச்சம்... போயிற்று. வந்து படுத்தாள். அப்பாடா என்று இருந்தது. எத்தனையோ நாளைக்குப் பிறகு நிம்மதியாகக் கண்ணை மூடினாள்.

கிளிங்.

அக்கா அசையவில்லை.

டப், டப். இந்தத் தடவை ஷூ சத்தம் கதவுக்கு வெளியே. சாவி திரும்பியது. கதவு தாழில் முட்டி நின்றது. ஒரு தட்டு. இன்னொரு தட்டு.

"நான்தான். தாழ எடு."

மாமாவின் குரல். அச்சு அசல்.

நீங்களே சொல்லுங்கள், திறப்பீர்களா? புருஷன் உள்ளே இருக்கிறார், கண்ணால் பார்த்தாயிற்று, பேசியாயிற்று. வேன் அம்மா சொன்னது எல்லாம் செய்தாயிற்று. அவள் கதவருகே போய் நின்று சொன்னாள்.

"போயிடு. எங்க வீட்டுல எல்லாரும் வந்தாச்சு."

கதவு மறுபடி தாழில் முட்டியது. அப்புறம்,

"என்ன உளர்ற? நான் இங்க நிக்கிறேன்... எல்லாரும்னா யாரு? உள்ள யாரு இருக்கா?"

"அவர் இருக்காரு. பாப்பாகிட்ட இருக்காரு."

"அய்யோ... போனப் பாரு! ட்ரெயின் நடுவுல நின்னுடுச்சு, தண்டவாளத்துல யாரோ விழுந்துட்டாங்கன்னு. இப்பதான் விட்டான். அத்தன தடவ கூப்பிட்டேன். பாப்பாவத் தூக்கு! முதல்ல பாப்பாவத் தூக்கு!"

கதவு இடுக்கு வழியாக ஒரு வாசனை வந்தது. சலவைச் சோப்பு. நீராவி.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. சற்று முன்னால் பாப்பா அறை வாசலில் நின்றாளே, அங்கே சோப்பு வாசனை இல்லை. வேறு ஏதோ... ரயில் பிரேக் பிடிக்கும்போது அடிக்குமே, சூடான இரும்பு வாசனை. அதுதான் இருந்தது.

தாழைக்கூட எடுக்காமல் ஓடினாள். பெற்றவள் அல்லவா? அந்த இருட்டு அறைக்குள் பாய்ந்து, கை நீட்டி, தடவி... பாப்பா இருந்தாள். சூடாக, மூச்சு விட்டுக்கொண்டு, குப்புறப் படுத்திருந்தாள். பின்பக்கச் சட்டை கழுத்து வரைக்கும் மடித்து விடப்பட்டிருந்தது. பக்கத்தில் மெத்தையில் ஒரு ஆள் படுத்த பள்ளம். அவள் கைக்கு அடியிலேயே அது மெல்ல மேலே எழும்பியது.

பாப்பாவை வாரிக்கொண்டு வந்து, தாழை எடுத்தாள். மாமா உள்ளே வந்தார். இரண்டு பேரும் எல்லா விளக்கையும் போட்டு, மூலை முடுக்கெல்லாம் தேடினார்கள். பின்கதவு உள்ளே தாழிட்டபடியே இருந்தது. ஜன்னல் கம்பி அப்படியே இருந்தது. யாரும் இல்லை. யாரும் வெளியே போனதற்கு வழியும் இல்லை.

காலையில் வேன் அம்மா வந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"நீ லைட்ட அணைக்கும்போது உள்ள யாரு இருந்தா?"

அக்கா திரும்பிப் பாப்பாவின் அறையைப் பார்த்தாள். அந்த அம்மா பாப்பாவின் தலையைத் தடவினார். போய்விட்டார். அன்றைக்கு வேன் எடுக்கவில்லை.

அந்த வாரமே வீட்டைக் காலி செய்துவிட்டார்கள். திரும்ப அதே நகரம், அதே மெயின் ரோடு, அதே புகை. மாமா காலை ஷிப்டு வாங்கிக்கொண்டார். முன்பு இருந்ததைவிடச் சின்ன அறை. வெளி வாசல் கிடையாது, பல்பு கிடையாது, கேட் கிடையாது. இருட்டும் முன்பே மூன்று பேரும் உள்ளே வந்து கதவைச் சாத்திவிடுவார்கள்.

முதல் ராத்திரி அக்கா கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள், எப்போது விசில் ஆரம்பிக்குமோ என்று. கீழே பஸ் போகிறது, லாரி போகிறது. பாப்பாவின் நெஞ்சில் ஒரு சத்தமும் இல்லை. நிம்மதியாகத் தூங்குகிறாள். மாமாவுக்கு மனசு கேட்கவில்லை. பழைய வழக்கம். ஒரு தடவை கேட்டுவிட்டுப் படுக்கலாம் என்று பாயில் மண்டியிட்டு, பாப்பாவின் சட்டையை மெல்ல மேலே தூக்கினார்.

பாப்பா கண்ணைத் திறக்காமல் முனகினாள்.

"சும்மா இருங்கப்பா... இப்பத்தானே கேட்டீங்க."

மாமா அக்காவைப் பார்த்தார். அக்கா மாமாவைப் பார்த்தாள். அவர் குனிந்து, பாப்பாவின் முதுகில் காதை வைத்தார்.

அந்த இடம் மட்டும்... ஒரு காது அளவுக்கு... ஏற்கெனவே ஜில்லென்று இருந்தது.