தூங்கிய பிறகு வைத்த தலையணை

அன்று காலை என் மனைவி கலைமதி, வேர்க்கடலை அரைத்த மல்லாட்டைச் சட்னியைக் கரண்டியில் கொண்டுவந்து, உப்பு போதுமா என்று கேட்டாள். போதும் என்றேன். அடுப்படிக்குத் திரும்பினாள். பம்ப் ஸ்டவ் சீறியதும் அவள் புடவையில் தீ ஏறியதும் நான் எழுந்து கை கழுவுவதற்குள் நடந்துவிட்டன.

தீயை நான் வைக்கவில்லை. போலீசார் விசாரித்து விபத்து என்றுதான் எழுதினார்கள். அது உண்மை.

அது தொண்ணூற்றெட்டாம் வருஷம். திண்டிவனத்தில் ஒரு நெல் மண்டியில் எழுத்தராக இருந்தேன். பத்திரிகைகளில் வரும் மருத்துவக் குறிப்புகளை விடாமல் படிப்பவன். அதனால் பதறவில்லை. போர்வையால் அமுக்கித் தீயை அணைத்தேன். குழாயடியில் உட்காரவைத்துத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தேன். கை வீங்குவதற்குள் வளையல்களைக் கழற்றினேன். பக்கத்து வீட்டு வெள்ளையம்மாள் இட்லி மாவோடு ஓடி வந்தார்.

"இத்த பூசுடா தம்பி, ஜல்தி. எரிச்சல் அடங்கும்."

"வேணாங்க. தண்ணி போதும்."

சலவை வேட்டியில் சுற்றி, வாடகைக் காரில் விழுப்புரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். கழுத்தும் இரண்டு கைகளும்தான் வெந்திருந்தன. அங்கே ஜெயம் என்ற நர்ஸ், "தண்ணி ஊத்துனது நீங்களா சார்? அவங்க பொழச்சது உங்களாலதான்" என்றார். அந்தப் பேச்சை இன்றும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

கலைமதி ஜாக்கெட் தைப்பவள். ஒருநாள் நான் கஞ்சியோடு வந்தபோது, கட்டிலை மறைத்த திரைக்கு அந்தப் பக்கம் தன் தங்கை காயத்ரியிடம் பேசிக்கொண்டிருந்தாள்.

"கை தேறட்டும்டி. மெஷின எடுத்துக்கினு உன்கூடப் பாண்டிக்கே வந்துர்றேன். இனிமே அந்தாளோட முடியாது."

எனக்கு அது புதிய செய்தி. நான் குடிப்பவன் இல்லை. கை நீட்டியதும் எப்போதாவதுதான். கஞ்சி ஆறும்வரை அங்கேயே நின்றேன். பிறகு உள்ளே போய் ஊட்டிவிட்டேன்.

வீட்டுக்கு அனுப்பும்போது ஜெயம் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். "தலையணை மட்டும் வைக்காதீங்க, கழுத்து இழுத்துக்கும். விரல் நேரா நிக்கறதுக்கு இந்தப் பட்டைய ராத்திரில கட்டிடுங்க. பகல்ல நல்லா நீட்டி நீட்டி விடுங்க. அழுவாங்க. அதுக்காக விட்டீங்கன்னா மடங்கிப்போய்டும் சார்."

எல்லாம் எனக்குப் புரிந்தது. புரியாமல் செய்தேன் என்று யாரும் சொல்ல வேண்டாம்.

முதல் நாள் பட்டையைக் கட்டியபோது பல்லைக் கடித்துக்கொண்டு அழுதாள். அவிழ்த்துவிட்டேன்.

"வலிச்சா வலிக்கட்டும், கட்டுங்க" என்றாள்.

"நாளைக்குக் கட்டலாம்."

மறுநாளும் அதையேதான் சொன்னேன். தலையணை வேண்டவே வேண்டாம் என்றாள். அவள் தூங்கிய பிறகு, மெத்தென்று ஒன்றைத் தலைக்கடியில் வைப்பேன், விழிப்பதற்குள் எடுத்துவிடுவேன். அவள் நிம்மதியாகத் தூங்குவதைப் பார்க்க எனக்குப் பிடிக்கும்.

மழைக்காலம் வருவதற்குள் தாடை மார்பை நோக்கி இறங்கிவிட்டது. விரல்கள் உள்ளங்கைக்குள் மடங்கிக்கொண்டன. அறுவை சிகிச்சை செய்து ஓரளவு சரிசெய்யலாம் என்று டாக்டர் சொன்னார். எனக்குப் பயமாயிருக்கிறது என்றேன்.

காயத்ரி வந்து பார்த்தாள். "என்னா மாமா, அக்கா கை கோழிக்கால் மாதிரி மடங்கிக்கினு கெடக்குது? பட்டைய கட்டுனீங்களா இல்லியா?"

"அவளுக்கு வலி தாங்கலம்மா."

கலைமதி அவளையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. குனிந்தே இருந்த தலையோடு, "மெஷின நீ எடுத்துக்கினு போடி" என்றாள்.

அதன்பின் நான்தான் அவளுக்குக் கை. சோறு ஊட்டினேன், தலை வாரினேன், ஜாக்கெட் கொக்கி மாட்டிவிட்டேன். "பொண்டாட்டிய தாங்கறது எப்பிடின்னு இவனப் பாத்துக் கத்துக்கோ" என்று வெள்ளையம்மாள் தன் மகனை ஏசுவார்.

இரண்டாயிரத்து ஒன்பதில் சளி நெஞ்சில் கட்டிக் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். கைகளைச் சேர்த்துக் கட்ட வந்தவர் விரல்களைப் பிரித்துப் பார்த்தார். வரவில்லை. "அப்பிடியே இருக்கட்டுங்க" என்றேன்.

அவள் கைகளை முடக்கியது தீ இல்லை, நான். அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு, பாண்டிச்சேரிக்குப் போகிறேன் என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. விரும்பித்தான் என்னோடு இருந்தாள். எங்கள் வாசல் கதவின் தாழ்ப்பாள் மட்டும் கொஞ்சம் இறுக்கம். விரல்கள் நன்றாக இருந்தால்தான் இழுக்க வரும். அதற்கு இன்னும் எண்ணெய் போடவில்லை.