அந்த விரல் தட்டும் வரை

அவைக்கு அழகாய் அமர்ந்திருக்கும் தலைவர் அவர்களே! பச்சை, மஞ்சள், சிவப்பு அட்டைகளை மடியில் வைத்துக்கொண்டு பேசுகிறவரின் மூச்சையே அளந்துகொண்டிருக்கும் நேரக்காப்பாளர் அவர்களே! 'அது வந்து' என்று நாக்கு இடறும்போதெல்லாம் தாளில் இரக்கமின்றிக் கோடு போட்டு எண்ணும் அன்பர் அவர்களே! பாராட்டுவதுபோல் பாராட்டிப் பிழை சொல்லும் மதிப்பீட்டாளர் அவர்களே! ஆன்றோர்களே, தாய்மார்களே, எங்கே தங்களைக் கூப்பிட்டுவிடுவார்களோ என்று கடைசி வரிசையில் குனிந்திருக்கும் புதியவர்களே! நடுங்கும் கைகளைக் கூப்பி உங்கள் அனைவரையும் வணங்குகிறேன்.

நடுக்கம் என்று அலங்காரத்துக்குச் சொல்லவில்லை. இந்த மேசையைப் பிடித்த கையை எடுத்தால் விழுந்துவிடுவேனோ என்று இருக்கிறது. நான் உங்கள் பேச்சு மன்றத்தின் உறுப்பினர் அல்லேன். உங்கள் உறுப்பினரான லிஃப்ட் மெக்கானிக்கின் மனைவி, தையற்காரி. அவர் கண்ணாடி முன் நின்று முழங்கிய முழக்கமெல்லாம் தையல் எந்திரத்தின் சத்தத்தோடு சேர்ந்து என் காதில் விழுந்ததால் இந்த மேடைத் தமிழ் எனக்கும் தொற்றிக்கொண்டது. சிரிக்கிறீர்களா? சிரியுங்கள், எனக்கும் கொஞ்சம் தெம்பு வரட்டும்.

பெருமக்களே! பாதி வழியில் நின்றுபோன லிஃப்டுக்குள் சிக்கியவருக்கு எது பெரிய பயம்? இருட்டா? இல்லை. மூச்சு முட்டுவதா? அதுவும் இல்லை. வெளியே யாருமே இல்லையோ என்பதுதான் பயம்! அதற்காகவே என் கணவர் வேலைக்கு நடுவே கதவை இரண்டு முறை தட்டுவார். டொக், டொக். 'நான் இருக்கிறேன்' என்று பொருள். வாய் பேச வராத கூச்சக்காரருக்கு விரல்தான் வாய்.

ஒருநாள் உள்ளே சிக்கிய ஓர் அம்மாள் அலறியிருக்கிறார்: "தட்டுறது ஆளா, மெஷினா? யாராவது வாயத் தொறந்து பேசுங்களேன்!"

இவரோ பதிலுக்கு மறுபடியும் தட்டத்தான் செய்தார். வீட்டுக்கு வந்தவர் சாப்பாட்டைத் தொடவில்லை. "பயப்படாதீங்க, நான் இங்கதான் இருக்கேன்... இவ்வளவுதான் சொல்லணும். எனக்கு வரல. நான் பேசக் கத்துக்கணும்" என்றார். அப்படித்தான் உங்கள் வாசலுக்கு வந்தார்.

வந்தவரை வளர்த்தீர்கள். மறுக்கவில்லை, மறக்கவும் இல்லை! சுருட்டி வைத்த சீட்டை எடுக்கச் சொல்லி, சீட்டில் வந்த பொருளில் பேசவைத்தீர்கள். கண்ணைப் பார்க்கக் கற்றுத் தந்தீர்கள். ஆனால் ஒரு குறையை வாராவாரம் சொன்னீர்கள்: "மேசையத் தட்டிக்கிட்டே இருக்கீங்க. அத விடுங்க. தட்டுற எடத்துல அமைதியா நில்லுங்க. அமைதிதான் கம்பீரம்." அவரும் விட்டார். வீட்டில் சாப்பாட்டு மேசையில் தட்டும்போதுகூடச் சட்டென்று கையை இழுத்துக்கொள்வார்.

பிறகு அந்த மாலை வந்தது. தலைவர் கைகுலுக்கி மேடையை ஒப்படைத்தார். மறுபடி கைகுலுக்கும் வரை மேடையில் வேறெவரும் ஏறக்கூடாது என்பது உங்கள் விதி. நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவர் நடுவில் நிறுத்தினார். நீங்கள் ரசித்தீர்கள். நேரம் முடியப்போகிறது என்று மஞ்சள் அட்டை உயர்ந்தது. அவர் அசையவில்லை. கடைசி வரிசையில் இருந்த நான் பார்த்தேன்: வலக்கை துவண்டு தொங்கியது, வாய் ஒரு பக்கம் இழுத்தது.

"அவரு நிறுத்தல! அவருக்கு என்னமோ ஆயிடுச்சு!" என்று எழுந்தேன். பக்கத்தில் இருந்தவர் என் கையைப் பிடித்தார். "உஸ்... பேசுறவருக்கு இடைஞ்சல் பண்ணாதீங்கம்மா." சிவப்பு அட்டை உயர்ந்தது. சிவப்பு உயர்ந்தால் கைதட்டி இறக்கிவிடுவது உங்கள் வழக்கம் அல்லவா? தட்டினீர்கள்! பேச்சிழந்து, பிடியிழந்து ஒரு மனிதர் சரிந்துகொண்டிருக்க, கூடமே அதிரக் கைதட்டினீர்கள்! நான் நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு ஓடினேன். அதற்குள் மதிப்பீட்டாளர் தம் குறிப்பில் எழுதிவிட்டாராம்: 'இன்று மேசையைத் தட்டவில்லை. நல்ல முன்னேற்றம்.' ஐயா, தலை குனியாதீர்கள். மருத்துவமனைக்கு உங்கள் காரில்தானே கொண்டு போனோம்? திட்டுவதற்கு நான் இங்கே ஏறவில்லை.

ஏன் ஏறினேன்? எனக்குப் பின் அவர் பேசப்போகிறார். பக்கவாதம் வந்த பின் முதன்முறையாக! இதோ முன்வரிசையில் வியர்க்க வியர்க்க உட்கார்ந்திருக்கிறார். வேண்டாம் என்று காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன், கேட்கவில்லை. சொல் வரும், பாதியில் நிற்கும். அந்த நொடியில் அவர் சொல்லைத் தேடுகிறாரா, மறுபடியும் அதுவேதானா? எப்படித் தெரியும் எனக்கு? எப்படித் தெரியும் உங்களுக்கு? பெற்ற பிள்ளை தூங்கும்போது மூச்சு வருகிறதா என்று மூக்கில் விரல் வைத்துப் பார்ப்பதுபோல் நான் அவர் முன்னால் வாழ்ந்துகொண்டிருக்கிறேன், தாய்மார்களே!

ஆகவே ஒரே ஒரு வேண்டுகோள். இன்று அவர் தட்டுவார். இடக்கையால் தட்டுவார். டொக் டொக் என்று கேட்டால் காத்திருங்கள், எத்தனை நேரமானாலும். கேட்காவிட்டால் விதியை வீசிவிட்டு ஓடிவாருங்கள்!

நேரக்காப்பாளர் ஐயா, சிவப்பு காட்டுகிறீர்கள், தெரிகிறது. இதோ முடித்துவிடுகிறேன். இன்னொன்றும் உண்டு. இன்று உள்ளே சிக்கியிருப்பவர் அவர், வெளியே நிற்பவர்கள் நாம். அவர் தட்டினால் நீங்களும் நாற்காலியில் இரண்டு முறை தட்டுங்கள். எங்கே, ஒருமுறை தட்டுங்கள் பார்ப்போம்?

...கேட்டது. கூடம் முழுக்கக் கேட்டது. என் பயம் போகவில்லை, பொய் சொல்ல மாட்டேன். ஆனாலும் இனி நான் ஒருத்தியே பயப்பட வேண்டியதில்லை. அந்த ஒன்றுக்காக உங்கள் ஒவ்வொருவருக்கும் நன்றி, வணக்கம்.

கடைசி வரிசைக்குப் போகமாட்டேன். இந்தப் படியிலேயே நிற்கிறேன்.

ஏங்க, மேல வாங்க. பயப்படாதீங்க. நான் இங்கதான் இருக்கேன்.