ஊசிக்காகக் கொடுத்த பெயர்கள்

"ஓடுங்க! லோரி வருது! செம்பனைக்குள்ள ஓடுங்க!"

பக்கத்து வீட்டுக் காத்தாயியின் குரல். செவ்வாய்க்கிழமை. காலை ஆறே முக்கால். லாயாங் லாயாங் ஊர்ப் பக்கம், எங்கள் தோட்டத்து லயம், வரிசை வீடுகள். மூன்று இமிக்ரேஷன் லோரி. இரண்டு நாய். தகரக் கதவில் பூட்ஸ் கால் விழுகிறது. ஒன்று. இரண்டு. மூன்றாவது உதையில் கொண்டி தெறிக்கிறது.

மல்லிகா பின்வாசல் வழியாகச் செம்பனை மரங்களுக்குள் ஓடுகிறாள். காலில் செருப்பில்லை. நான் நகரவில்லை. நான் ஏன் ஓட வேண்டும்? என்னிடம் ஐசி, மலேசிய அடையாள அட்டை, இருக்கிறது.

மல்லிகா என் மகள். பெற்றவள் பிரசவத்தோடு போய்விட்டாள். முனியாண்டி கோயில் முன்னால் வெற்றிலை பாக்கு வைத்து, பிள்ளையை மடியில் வாங்கினேன். எங்களுக்குள் அவ்வளவுதான் வழக்கம். பிள்ளையை வாங்கினேன். தாள் வாங்கவில்லை. முப்பத்தொரு வயதாகியும் அவளுக்கு ஐசி இல்லை.

நோய்க்காலம் அது. முந்தின வாரம் அதிகாரிகள் வந்தார்கள். ஐசி இல்லாதவருக்கும் தடுப்பூசி உண்டு, பெயரைச் சொல்லுங்கள் என்றார்கள். பட்டியல் நோய்க்கு மட்டும்தான், வேறு எங்கேயும் போகாது என்றார்கள். லயத்தில் யாரும் வாய் திறக்கவில்லை.

"சொல்லாதக்கா. கவர்மெண்டு உனக்கு என்ன சம்பந்தியா?" என்றாள் காத்தாயி.

நான் பொய் சொல்லிப் பிழைத்தவள் இல்லை. யார் எங்கே இருக்கிறார்கள் என்று தெரியாமல் நோயை எப்படி நிறுத்துவார்கள்? அதை இன்றும் நியாயம் என்றுதான் சொல்வேன். வீடு வீடாக அதிகாரிகளை நானே கூட்டிப்போனேன். ஏழு பேர். முதல் பெயர் மல்லிகா. அடியில் என் கையெழுத்து. நிதானமாக, எழுத்து எழுத்தாகப் போட்டேன்.

செம்பனைக்குள் நாய் குரைக்கிறது. ஓர் அலறல். அப்புறம் சத்தமே இல்லை. மல்லிகாவை இழுத்து வருகிறார்கள். முழங்காலில் ரத்தம். ஒருவர் தாளைப் பார்த்துப் பெயர் கூப்பிடுகிறார், கங்காணி காலைப் பெரட்டில் வேலைக்கு ஆள் கூப்பிடுவதைப் போல. தாளின் அடியில் என் கையெழுத்து.

"நீங்கதானே குடுத்தீங்க அம்மா? நல்லதாப் போச்சு லா. எங்களுக்குத் தேடுற வேலை இல்ல."

தமிழர்தான். சிரித்தார்.

லோரி கிளம்பியது. மல்லிகா கத்தினாள். "அம்மா, இனிமே யார்கிட்டயும் ஒண்ணும் சொல்லாதீங்க!"

அடுத்த மாதம் காத்தாயிக்குக் காய்ச்சல். கிளினிக்கில் பெயர் கேட்பார்கள் என்று கதவைச் சாத்திக்கொண்டாள். நான்கு நாள் சுவருக்கு அந்தப் பக்கம் இருமினாள். ஐந்தாம் நாள் இருமல் நின்றது.

கொண்டுபோனது ஏழு பேரை. திரும்பியது இரண்டு பேர். செத்தது காத்தாயி. அந்தப் பட்டியலில் ஊசி போடப்பட்டவர் ஒருவரும் இல்லை.

மல்லிகா எந்தத் தடுப்பு முகாமில் இருக்கிறாள் என்று கேட்கப் போனேன். அது அவளுடைய சொந்த விவரமாம். மகள் என்று காட்டத் தாள் இல்லாத என்னிடம் சொல்லக்கூடாதாம்.