தினம் ஒரு குவளைத் தண்ணீர்

பொதுவாக நான் யார் மேலும் கோபப்படுகிற ஆள் இல்லை. கண்ணாடிக் கடையில் வருகிறவர்களுக்குப் பார்வை சோதிப்பது என் வேலை. "இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா" என்று கேட்டுக் கேட்டுப் பொறுமை ரத்தத்தில் ஊறிவிட்டது. ஆகவே அந்தச் செடியைக் கோபத்தில் கொன்றேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

என் மனைவி கணக்கு டீச்சர். ஒருநாள் நர்சரியிலிருந்து அதை வாங்கி வந்து, ஹாலில் என் நாற்காலிக்கு எதிரே வைத்தாள். பளபளவென்று தடித்த இலைகள். வெயில் கேட்காது, உரம் கேட்காது. மண்ணுக்கடியில் உருளைக்கிழங்கு மாதிரி கிழங்கு விட்டு, அதில் தண்ணீரைச் சேர்த்து வைத்துக்கொள்ளும். மண் நன்றாகக் காய்ந்தபின் கொஞ்சம் ஊற்றினால் போதுமாம்.

"எவ்வளவு சமத்து பாருங்க. காபி கேக்குதா, சட்டை எங்கன்னு கத்துதா?" என்றாள்.

நானும் சிரித்தேன். ஆனால் தினம் ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் முடியாததுமாக அதன் இலைகளைத் துடைக்க ஆரம்பித்தாள். வகுப்பில் நடந்ததையெல்லாம் அதனிடம் சொன்னாள், கல்யாணமான புதிதில் என்னிடம் சொன்ன அதே குரலில். நான் பக்கத்திலேயேதான் உட்கார்ந்திருந்தேன். வயிறு எரிந்தது, மறைப்பானேன்.

நர்சரிக்காரரிடம் போய் விசாரித்தேன். "கவலையே படாதீங்க சார். நீங்க மறந்தாலும் அது சாகாது. தினம் தண்ணி ஊத்தினாத்தான் கிழங்கு அழுகிப்போயிடும்" என்றார். நல்ல மனிதர், கேட்டதற்கு மேலேயே சொல்லிவிட்டார்.

மறுநாளிலிருந்து காலையில் ஒரு குவளைத் தண்ணீர். நான் ஒளிந்து செய்யவில்லை. அவள் பள்ளிக்குக் கிளம்பிய பிறகு நிதானமாகச் செய்தேன், அவ்வளவுதான். தரை பாழாகக் கூடாதே என்று தொட்டியின் அடி ஓட்டையை மெழுகால் அடைத்தேன். மேல்மண்ணின் ஈரம் கண்ணை உறுத்தாமலிருக்க வெள்ளைக் கூழாங்கல் பரப்பினேன். "உங்களுக்குக் கூட ரசனை இருக்கே" என்று பாராட்டினாள்.

செடி லேசில் மசியவில்லை. ஒருவழியாக இலைகள் பழுத்து, தண்டு அடியில் கொழகொழத்துச் சாய்ந்தது.

அன்று அவள் என் தோளில் சாய்ந்து அழுதாள். "நான் என்னங்க தப்புப் பண்ணேன்?"

"உன் மேல தப்பே இல்லம்மா. அதோட ஆயுசு அவ்வளவுதான்" என்று தட்டிக்கொடுத்தேன். அந்த வாரம் முழுக்க வகுப்புக் கதைகள் எல்லாம் என்னிடம்தான் வந்தன. அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்து வருஷக்கணக்காகிறது. துக்கம் ஆறிவிட்டால் மறுபடி விடைத்தாள் கட்டோடு அறைக்குள் போய்விடுவாள் என்பதால், நானே போய் இன்னொரு செடி வாங்கி வந்தேன்.

மூன்றாவது வாங்கப் போனபோது நர்சரிக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சார், இதச் சாகடிக்கிறது ரொம்பக் கஷ்டம் சார்."

"பாசம் வச்சுட்டோம், என்ன பண்றது" என்றேன்.

அந்த மூன்றாவது போனபோது அவள் அழவில்லை. "இந்த வீட்டுக்குச் செடி ராசியில்ல" என்று தொட்டியை வெளியே வைத்துவிட்டு, விடைத்தாள் திருத்த உட்கார்ந்துவிட்டாள். என் பக்கம் திரும்பக்கூட இல்லை. அவள் இனி எனக்கு இல்லை என்று அன்றைக்குத்தான் நிஜமாகவே பயந்தேன்.

நேற்று அவளே பேச்சை எடுத்தாள். "அம்மா அங்க தனியாக் கஷ்டப்படறாங்க. இங்க கூட்டிட்டு வந்துடலாம்னு பாக்கறேன். பெரிசா ஒண்ணும் செய்ய வேணாம், வேளாவேளைக்கு மாத்திரை குடுத்தாப் போதும். ஆனா காலைல நான் கிளம்பிடுவேனே?"

"நான் மத்தியானம்தானே கடைக்குப் போறேன். நான் பாத்துக்கறேன்" என்றேன்.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது.

மாமியாருக்குச் சர்க்கரை வியாதி, இனிப்பென்றால் உயிர். பெரியவர்கள் வாயைத் திறந்து கேட்டால் இல்லை என்று சொல்ல எனக்கு மனம் வராது.